மகாளய அமாவாசை முதல் தீபாவளி வரை: தறி ஓடும் வீட்டுக்கு 29 நாள் வழிகாட்டி

சேலம் மாவட்டம் தாரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். ஆறு விசைத்தறி. நான், வீட்டுக்காரர், மாமியார், ஏழாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன். தீபாவளிக்கு ஊரே புதுச்சேலை கட்ட வேண்டும் என்றால், அதற்கு முந்தைய ஒன்றரை மாதம் எங்கள் தறி ராத்திரி பகலாக ஓட வேண்டும். அதே ஒன்றரை மாதத்தில்தான் புரட்டாசி சனி, கொலு, ஆயுத பூஜை, தீபாவளி, நோன்பு எல்லாம் வரிசை கட்டி வருகின்றன.

கல்யாணமான முதல் மூன்று வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். முறுக்கு பாதி பிழிந்தபடி இருக்கும், பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்காது, நாலு மணிக்கு எண்ணெய் காய்ச்ச எழுந்திருக்க வேண்டும். நாலாவது வருஷம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். தறி இல்லாத வீட்டுக்கும் பொருந்தும். தறி என்ற இடத்தில் உங்கள் கடை, பட்டறை, ஆபீஸ் எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலண்டர்

ஆவணி கடைசியிலேயே மாதக் காலண்டரைச் சுவரிலிருந்து இறக்கி, தீபாவளித் தேதியை வட்டமிடுங்கள். அங்கிருந்து பின்னாலேயே எண்ணிக்கொண்டு வாருங்கள். மகாளய அமாவாசைக்கும் தீபாவளிக்கும் இடையில் 29 நாள். 2024-ல் அக்டோபர் 2 அமாவாசை, 31 தீபாவளி. 2025-ல் செப்டம்பர் 21 அமாவாசை, அக்டோபர் 20 தீபாவளி. நம் பக்கம் தீபாவளியை அடுத்த அமாவாசையை ஒட்டிய சதுர்த்தசி விடியலில் கொண்டாடுவதால் இந்த இடைவெளி பெரும்பாலும் மாறாது. 2020-ல் நடந்ததுபோல நடுவில் அதிக மாதம் (பஞ்சாங்கத்தில் கூடுதலாகச் சேரும் ஒரு மாதம்) வந்தால் மட்டும் நவராத்திரியும் தீபாவளியும் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

விஜயதசமி முடிந்தால் தீபாவளிக்குக் கையில் இருப்பது 18 அல்லது 19 நாள். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

காலண்டரில் எழுத வேண்டிய இன்னொன்று, யாருக்கு என்ன வேலை என்பது. எங்கள் வீட்டில் அரைவை மிஷினுக்குப் போவது, பூ வாங்குவது, தறி துடைப்பது, தீபாவளிக்கு முதல் நாள் அடுப்பின் முன்னால் நின்று சுட்டெடுப்பது நாலும் வீட்டுக்காரர் பொறுப்பு. முதல் தடவை அவர் ஜல்லிக்கரண்டியோடு நின்றபோது மாமியார் முகம் சுருங்கியது உண்மை. இப்போது அவரே, "அவனக் கூப்புடு கண்ணு, அவன் சுட்டாத்தான் ஒரே செவப்பா வருது" என்கிறார். எழுதி ஒட்டாத வேலை எல்லாம் கடைசியில் வீட்டுப் பெண் தலையில்தான் விழும். அதனால் எழுதி ஒட்டுங்கள்.

சென்னை, பெங்களூரிலிருந்து யாராவது வர வேண்டியிருந்தால் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. அதையும் இதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

புரட்டாசி சனிக்கிழமைகள்

நாலு சனியிலும் பெருமாளுக்குத் தளிகை, அதாவது படையல், போட வேண்டும் என்று இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு சனியைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் மூன்றாம் சனியில் போடுகிறோம். மற்ற சனிகளில் துளசி மாலை, விளக்கு, சர்க்கரைப் பொங்கல் போதும். தளிகை நாளில் மாவிளக்கு மட்டும் விடக்கூடாது என்பது மாமியார் கணக்கு: ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து, நெய் ஊற்றித் திரி போடுவது.

அன்று காலையில் பிள்ளைகளுக்கு நாமம் போட்ட செம்பைக் கொடுத்துத் தெருவில் "கோவிந்தா, கோவிந்தா" என்று அரிசி வாங்கிவர அனுப்புங்கள். வெட்கப்படுவார்கள். ஐந்து வீடு போய் வந்தால் வெட்கம் போய்விடும். அந்த அரிசியையும் சேர்த்துத்தான் உலை வைக்க வேண்டும். என் மகன் சென்ற வருஷம் திரும்பி வந்ததும் செம்புக்குள் கையை விட்டு, "இது புழுங்கல், இது பச்சரிசி, இது ரேஷன் அரிசி" என்று பிரித்துக் காட்டினான். தெருவே ஒரு செம்புக்குள் இருந்தது.

கொலு: மூன்று படி போதும்

பரம்பரையாகக் கொலு வைக்கும் வீடு எங்களுடையது இல்லை. மகள் கேட்டாள் என்று ஆறு வருஷத்துக்கு முன் தொடங்கினோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மூன்று படி போதும். ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேல் படியில் கலசமும் சாமி பொம்மையும், நடுப்படியில் மரப்பாச்சி உட்பட மனித பொம்மைகள், கீழே செட்டியார், காய்கறிக் கடை, பிள்ளைகள் செய்த வகை.

முதல் வருஷம் நூல் வரும் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வேட்டி விரித்தேன். நாலாம் நாள் ஈரக்காற்றில் அட்டை தொய்ந்து கிருஷ்ணர் தலைகீழாக இறங்கிவிட்டார். இப்போது தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) அடுக்கும் இரும்பு ரேக்கைப் பிரித்துப் படியாக மாட்டுகிறோம். அமாவாசையன்று ராத்திரி படி கட்டிவிட வேண்டும். பொம்மைகளை மறுநாள் காலையில் அடுக்கலாம். ஊர்வலம், கல்யாணம் என்று பெரிய செட் வாங்க ஆசை வரும். வருஷத்துக்கு ஒரு பொம்மை வாங்குங்கள். எந்த வருஷம் எது வந்தது என்று பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்.

சுண்டலில்தான் வேலைக்குப் போகிற வீடுகள் தடுமாறும். இருபது பேருக்கு அரைக் கிலோ கடலை போதும், வெந்தால் இருமடங்கு ஆகும். கொண்டைக்கடலை, மொச்சை இரண்டையும் முதல் நாள் ராத்திரி ஊறப்போடுங்கள். தட்டைப்பயறும் பச்சைப்பயறும் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது ஊறப்போட்டாலே சாயங்காலத்துக்குச் சரியாக இருக்கும். ஊறப்போட மறந்த நாளுக்குக் கடலைப்பருப்புச் சுண்டல் இருக்கிறது, ஒரு மணி நேரம் ஊறினால் போதும். ஒன்பது நாளுக்கும் எது எது என்று முதல் நாளே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். தேங்காயைக் கடைசி நேரத்தில் துருவிப் போடுங்கள்; காலையில் போட்டது சாயங்காலம் ஊசிவிடும்.

வெற்றிலை பாக்கோடு கொடுக்கும் பொருளுக்குச் செலவழித்துக் கடன்படாதீர்கள். நாங்கள் எங்கள் தறியில் விழும் துண்டுத்துணியில் சுருக்குப்பை தைத்துக் கொடுக்கிறோம்.

ஆயுத பூஜை: தறிக்கு ஓய்வு நாள்

எங்கள் வீட்டின் பெரிய பண்டிகை இதுதான். வருஷம் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும் கூடம் அன்று ஒருநாள் வாய்மூடி இருக்கும். பூஜைக்கு முதல் நாள் மதியம் இரண்டு மணிக்குத் தறியை நிறுத்துவோம். நிறுத்தியதும் காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்கும். அது அடங்கக் கால் மணி நேரம் ஆகும். அதற்கப்புறம்தான் தெருவில் பேசுகிற சத்தமே கேட்கும்.

சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். ஒவ்வொரு தறியின் ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு மோட்டார் பக்கம் கை விடாதீர்கள். இரண்டாவது, மேலிருந்து கீழே: விட்டம், மின்விசிறி, டியூப்லைட், பிறகு தறி, கடைசியில் தரை. தரையை முதலில் பெருக்கினால் இரண்டு தடவை பெருக்க வேண்டும். மூன்றாவது, முகத்தில் துணி கட்டாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. பஞ்சுத்தூசி ஒரு வருஷத்துடையது, ஊதும் மிஷினை வைத்து அடித்தால் கூடமே மூடுபனி மாதிரி ஆகிவிடும். மாமியாருக்கு இரைப்பு உண்டு, அன்று அவரைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

ஸ்விட்ச் பலகைக்குப் பின்னாலும் மோட்டாரைச் சுற்றியும் ஒட்டியிருக்கும் பஞ்சைக் கட்டாயம் எடுங்கள். ஒரு சின்னப் பொறி போதும் அது பற்றுவதற்கு. தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், உலர்ந்த துணியும் பிரஷும்தான். பாவு (தறியில் நீளவாக்கில் பூட்டிய நூல்) மேல் பழைய சேலையைப் போர்த்திவிட்டு வேலை செய்தால் நூலில் அழுக்கு படாது.

இனி பொட்டு. சந்தனம், குங்குமத்தை ஆசையில் எல்லா இடத்திலும் அப்பிவிடுவார்கள். ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவின் பாதையிலும், பாவு இழைகள் நுழைந்து வரும் அச்சிலும் சந்தனம் காய்ந்து நின்றால் மறுநாள் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஒரு வருஷம் அப்படி ஒரு முழுச் சேலை வீணானது. தறியின் சட்டத்தில் மட்டும் மூன்று பொட்டு வையுங்கள். நாடா, தார்க்குச்சி, கத்தரி, ஸ்பேனர் இவற்றைக் கழுவித் துடைத்து ஒரு தட்டில் தனியாக வைத்துப் பொட்டு வைக்கலாம். பக்கத்திலேயே பிள்ளைகளின் புத்தகம், என் கணக்கு நோட்டு, மாமியாரின் பழைய ராட்டை.

பூவுக்கு அரளி. சேலத்துக்கு வரும் அரளியில் பனமரத்துப்பட்டி சுற்றுவட்டாரத்து அரளிக்கு நல்ல பெயர். பூஜைக்கு முதல் நாள் விலை எங்கேயோ போய்விடும், இரண்டு நாள் முன்பே மொட்டாக வாங்கி ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள், பூஜையன்று மலர்ந்து நிற்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அரளி விஷம். பொரித்தட்டு மேல் அரளி உதிரக்கூடாது. வாடிய மாலையை ஆடு, மாடு மேய்கிற இடத்தில் வீசக்கூடாது. குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். அரளிக்குப் பதில் சாமந்தி வாங்கினால் தொந்தரவே இல்லை.

பொரியைப் பூஜையன்று காலையில் வாங்குங்கள். புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் முதல் நாள் வாங்கியது நமுத்துப் போய்விடும். பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, தேங்காய்க் கீற்று, நாட்டுச்சர்க்கரை கலந்து, வந்தவர்களுக்குக் கொடுத்தது போக மீதியை உடனே மூடிபோட்ட டின்னில் கொட்டுங்கள்.

சூடத்தைக் கூடத்துக்குள் ஏற்றவே வேண்டாம். வாசல்படியில் ஏற்றிக் காட்டுங்கள், நூல் இருக்கிற இடம் அது. விளக்கையும் பூஜை முடிந்ததும் வீட்டுக்குள் எடுத்து வந்துவிடுங்கள். பூசணிக்காயைச் சாலை நடுவில் உடைத்துவிட்டுப் போவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ராத்திரி டூவீலரில் வருகிறவன் சறுக்கி விழுந்தால் அந்தப் பாவம் நம் பூஜையைச் சேரும். எங்கள் வாசல் ஓரத்தில் உடைத்து, காசைப் பிள்ளைகள் பொறுக்கியதும், நானே கூட்டி அள்ளிவிடுகிறேன்.

தறிக்காரர்களுக்கு அன்றே இனிப்பும் ஒரு செட் துணியும் கொடுத்துவிடுங்கள். போனஸ் எவ்வளவு, எந்தத் தேதி என்பதையும் அன்றே வாயால் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கையில் கொடுத்தால் அவர்கள் எப்போது கடைக்குப் போவார்கள்? குறைந்தது பத்து நாள் முன்பு கொடுத்துவிட வேண்டும்.

மறுநாள் விஜயதசமி. புத்தகத்தை எடுத்துப் பிள்ளைகள் ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும், தறியை ஒரு முழமாவது ஓட்ட வேண்டும். ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடியுங்கள். பொம்மைகளைச் சுற்றுவதற்குப் பழைய பருத்தி வேட்டிதான் நல்லது, ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கையில் இருக்கும் 18 நாள்

முதல் வாரத்தில் துணி. தையல்காரர்கள் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே "இனி எடுக்க மாட்டேன்" என்று கையை விரித்துவிடுவார்கள். ரவிக்கைத் துணியை விஜயதசமி மறுநாளே கொடுத்துவிடுங்கள். சேலம் கடைவீதிக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், செவ்வாய் அல்லது புதன் மதியம் போங்கள். மளிகைக்கு லீ பஜார். தலைதீபாவளிப் பெண்ணுக்குக் கொலுசு எடுப்பதாக இருந்தால் செவ்வாய்ப்பேட்டை. கொலுசு வேலை நடக்கிற இடமே அது, அளவு சொல்லிச் செய்து வாங்க வேண்டும் என்றால் முன்கூட்டியே போங்கள்.

இரண்டாம் வாரத்தில் மாவு. முறுக்கு, தட்டுவடைக்கான அரிசியை எட்டு நாள் முன்பே அரைத்துவிடுங்கள். மிஷினில் நமக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் மாவில் காரம் ஏறிவிடும். இரண்டு கைப்பிடி அரிசியை முதலில் தனியாக ஓட்டி, அந்த மாவைக் கோலத்துக்கு வைத்துக்கொண்டு, அப்புறம் நம் அரிசியைப் போடச் சொல்லுங்கள்.

இதற்குள் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்ளும். எதையும் வெயிலில் காயவைக்கலாம் என்ற நம்பிக்கையில் திட்டம் போடாதீர்கள். தாங்குகிற பலகாரத்தை முதலில் செய்யுங்கள்: ஐந்து நாள் முன்பு முறுக்கு, தட்டுவடை, பிறகு மிக்சர், கடைசியில் இனிப்பு.

அதிரசம், கொஞ்சம் நின்று

எங்கள் பக்கம் இதைக் கச்சாயம் என்றும் சொல்வார்கள். தீபாவளியை ஒட்டிய கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம் வைக்க வேண்டும் என்பதால் இதில் பிழை வந்தால் வீடே சோர்ந்துவிடும்.

வெல்லத்தில் தொடங்குங்கள். ஓமலூர் சுற்றுவட்டாரத்தில் கரும்பு ஆலைக் கொட்டகைகள் இருக்கின்றன, வெல்லம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வருகிறது. ஒரு வருஷம் ஒரு கடையில் பளிச்சென்று மஞ்சளாக இருந்த வெல்லத்தை அழகைப் பார்த்து வாங்கி வந்தேன். மாமியார் ஒரு துண்டை உடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். "சக்கரை கலந்துருக்கு கண்ணு, மினுமினுங்குது பாரு." நான் கேட்கவில்லை. பாகு இறுகிக் கல்லாகிப் போனது. வெளுப்பாகத் தெரிவதற்காக ரசாயனமும் சர்க்கரையும் சேர்ப்பது நடக்கிறது. கருஞ்சிவப்பாக, நகத்தால் கீறினால் மாவு மாதிரி உதிர்கிற வெல்லத்தை வாங்குங்கள்.

ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் பரப்புங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது. அந்த ஈரத்திலேயே அரைத்துச் சலித்துவிடுங்கள். காய்ந்துபோன மாவில் அதிரசம் வராது.

வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். ஒரு சொட்டு பாகை விட்டு விரலால் கூட்டிப் பாருங்கள். கரைந்து ஓடினால் போதாது. கூட்டினால் சேர்ந்து, மெத்தென்று உருண்டு, எடுத்தால் விரலில் லேசாகச் சப்பையாக வேண்டும். அந்த நொடியில் இறக்கிவிடுங்கள். கிண்ணத்தில் போட்டால் 'டங்' என்று சத்தம் வந்தால் அது பொரி உருண்டைக்கான பாகு, அதிரசத்துக்குத் தாண்டிவிட்டது. ஏலக்காய், சுக்கு, கொஞ்சம் எள் போட்டு, மாவைத் தூவித் தூவிக் கிளறுங்கள். கொஞ்சம் தளர்வாகவே நிறுத்திவிடுங்கள், ஆறினால் இறுகும். மேலே நெய் தடவி மூடி இரண்டு நாள் விடுங்கள்.

சுடும்போது வாழை இலையில் எண்ணெய் தொட்டுத் தட்டி, மிதமான தீயில் போடுங்கள். முதலில் ஒன்றே ஒன்று. எண்ணெயில் பிரிந்து போனால் பாகு இளசு. மாவில் இன்னும் கொஞ்சம் அரிசி மாவு பிசையுங்கள். விறைத்துக்கொண்டால் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசையுங்கள். எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அமுக்கி எண்ணெயை வடியுங்கள். நோன்புக்கான 21-ஐ முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும்.

தீபாவளி அன்று

லேகியத்தை முதல் நாளே கிளறிவிடுங்கள்: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் வறுத்துப் பொடித்து, வெல்லம், நெய், கடைசியில் தேன். நாலு மணிக்கு எழுந்து நல்லெண்ணெயில் இரண்டு மிளகு போட்டுச் சுடவைத்து, வயதில் பெரியவர் ஒவ்வொருவர் தலையிலும் வைக்க வேண்டும். குளியலறைத் தரையில் ஈரச்சாக்கு ஒன்று விரியுங்கள். எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்த தரையில் வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு தாங்காது.

பட்டாசுக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 வரைதான் நேரம் தருகிறார்கள். அதற்குள் வெடிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். முதல் நாளே தறிக்கூடத்து ஜன்னலை எல்லாம் சாத்தி, வெளியில் கிடக்கும் நூல் கோணியை உள்ளே எடுத்துவிடுங்கள். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பி நேராகத் தண்ணீர் வாளிக்குள் போக வேண்டும். எங்கள் மகள் நாலு வயதில் மிதித்தது அணைந்துபோன கம்பியைத்தான். கருப்பாகத்தான் இருந்தது, ஆனால் சூடு ஆறியிருக்கவில்லை. பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, மை, வெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். காயம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டாலோ 108-ஐ அழையுங்கள். பட்டாசு போடும்போது பருத்தித் துணிதான், புதுச்சேலை எவ்வளவு ஆசையானதாக இருந்தாலும் அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

நோன்பு அன்றோ மறுநாளோ, அமாவாசை எப்போது நிற்கிறது என்று பார்த்துச் செய்வோம். கலசத்தின் முன் 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 அதிரசம், நோன்புக் கயிறு. கயிறு கட்டியதும் மாமியார் எல்லோர் கையிலும் ஒரு அதிரசம் வைப்பார். அதுவரை வீட்டில் சமைக்கும் நாங்கள் சாப்பிட மாட்டோம்.

தறியை மூன்றாம் நாள் காலையில்தான் எடுக்கிறோம். எடுப்பதற்கு முன் ஒருமுறை கூரையைச் சுற்றிப் பாருங்கள், ஓட்டிடுக்கில் ராக்கெட் குச்சி செருகியிருக்கும். ஸ்விட்ச் பலகையில் மழை ஈரம் இல்லை என்று தொடாமல் பார்த்துவிட்டு, முதல் தறியை மட்டும் போட்டு ஒரு பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். சத்தம் சரியாக இருந்தால் அடுத்ததைப் போடலாம்.